குடும்பத்தோடு அறிவியல் புனைகதை ரசிகர் மாநாட்டுக்குப் போகலாமா? மலைவாசிகளின் ஆலோசனை தேவை

கட்டபெட்டு குடும்பஸ்தன் (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கொஞ்ச காலமாக அறிவியல் புனைகதை தவிர வேறெதையும் கையில் எடுப்பதில்லை. சென்னை வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் முதன்முதலாகக் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா நடந்தபோதே கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டாள்; இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று சொல்லித் தள்ளிப்போட்டோம். இப்போது வளர்ந்துவிட்டாள், சாக்கும் தீர்ந்துவிட்டது.

அவளை மட்டும் அழைத்துக்கொண்டு போவதென்றால் இந்த இழையைத் தொடங்கியே இருக்க மாட்டேன். ஆறு வயதில் ஒரு மகன் இருக்கிறான், ஓரிடத்தில் உட்காரமாட்டான். என் மனைவிக்கு இந்த வகைக் கதைகளில் ஈடுபாடு கிடையாது என்றாலும், பிள்ளைகளைத் தனியே என்னிடம் விட்டு அனுப்ப மனம் வராது. என் தாயாருக்கு முழங்கால் வலி; ஆனால் வீட்டில் விட்டுச் சென்றால் வருத்தப்படுவார். ஐவரும் மலையிறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் செய்து, இரண்டு நாள் தங்கித் திரும்புவதற்கு ஆகும் செலவை எண்ணினால், வெறுமனே கூட்டத்தில் நின்றுவிட்டு வந்தோம் என்று ஆகிவிடக்கூடாது என்ற கவலை வருகிறது. இத்தகைய விழாக்களுக்குக் குடும்பத்தோடு போனவர்கள், வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அங்கே என்ன இருந்தது என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைப்பூண்டு (கொடைக்கானல்)

நண்பரே, எந்த வகை விழாவுக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் நடத்தும் வணிக விழா ஒன்று. ரசிகர்கள் தாங்களே கூடிச் சம்பளமில்லாமல் நடத்தும் மாநாடு மற்றொன்று. இரண்டிலும் வேடமணிந்தவர்கள் இருப்பார்கள், புத்தகக் கடையும் இருக்கும் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுபோலவே தெரியும். உள்ளே போனால்தான் வித்தியாசம் புரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு பெருநகரத்தில் நடந்த விழாவுக்கு என் அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எந்த விழா என்பது வேண்டாம். நுழைவு வரிசை வெயிலில் நின்றது. உள்ளே பொம்மை, பனியன், சாவிக்கொத்து என்று விற்பனை அரங்குகளே மிகுதி. சின்னவன் கேட்டதையெல்லாம் வாங்கிக்கொடுக்க முடியாமல், மறுக்கவும் முடியாமல், பிற்பகலுக்குள் அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று. கதை எழுதுகிற ஒருவர் பேசுவதைக் கேட்க வேண்டுமென்று பெரியவள் ஆசைப்பட்டாள். அந்த மேடையின் ஒலி பக்கத்து விளையாட்டு அரங்கின் இரைச்சலில் காதில் விழவே இல்லை. உங்கள் மகளுக்கு வேண்டியது கதைகளைப் பற்றிய பேச்சு என்றால், அந்தப் பணத்துக்குப் புத்தகங்களாக வாங்கிக் கொடுங்கள் என்பதே என் கருத்து.

வெலிங்டன் வாசி (குன்னூர்)

மலைப்பூண்டு அவர்கள் சொல்லும் வேறுபாடு உண்மையானது. ஆனால் அவர் முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. 2024 ஆகஸ்ட் 8 முதல் 12 வரை கிளாஸ்கோ நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் போய்வந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் தங்கை அங்கே குடியிருப்பதால் தங்குமிடச் செலவு இல்லை. இல்லாவிட்டால் இந்தப் பயணத்தை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆகவே எல்லோரும் வெளிநாட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே கண்ட நடைமுறைகளில் எவற்றை நம் ஊர் விழாக்களுக்கும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதே நான் சொல்ல விரும்புவது.

அந்த மாநாட்டில் நாம் டிக்கெட் வாங்குவதில்லை. சந்தா கட்டி உறுப்பினர் ஆகிறோம். குழந்தைகளுக்குக் குறைந்த கட்டணம். நுழைவாயிலில் அட்டையைச் சரிபார்ப்பவரிலிருந்து மேடை விளக்கைப் போடுபவர் வரை பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்களும் நம்மைப் போலவே சந்தா கட்டியவர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மாநாடு எந்த நகரில் நடக்க வேண்டும் என்பதையும் உறுப்பினர்களே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். சிறந்த அறிவியல் புனைகதைகளுக்கு 1953 முதல் வழங்கப்பட்டுவரும் ஹியூகோ விருதுகளும் அப்படித்தான். நடுவர் குழு என்று ஒன்று கிடையாது. இறுதிச் சுற்றுக்கு வந்த படைப்புகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வாக்குச்சீட்டில் குறிக்க வேண்டும். எதுவுமே தகுதியற்றது என்று கருதினால் ‘விருது இல்லை’ என்பதற்கும் வாக்களிக்கலாம்.

எங்கள் குடும்பத்துக்கு மாநாடு தொடங்கியது உண்மையில் இந்த இடத்தில்தான். வாக்காளர்கள் படித்துப் பார்ப்பதற்காக, இறுதிச் சுற்றுப் படைப்புகளில் பெரும்பாலானவற்றை மின்னூல்களாக அனுப்பிவைக்கிறார்கள். மழை பெய்துகொண்டிருந்த மாதங்களில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சிறுகதைகளை நான் உரக்கப் படிப்பேன். பிடிக்காத கதையைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு என்று ஒரு விதி வைத்திருந்தோம். இத்தகைய கதைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காத என் மனைவி, எனக்கு மிகவும் பிடித்த கதையைக் கடைசி இடத்துக்குத் தள்ளி, அதற்கான காரணத்தையும் விளக்கினார். மாநாட்டுக்குப் போனபோது அவர் என்னுடன் துணைக்கு வந்தவராக இல்லை. சொல்வதற்குக் கருத்து இருந்த ஓர் உறுப்பினராக வந்தார். கட்டபெட்டு நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: போவதற்கு முன்பே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வேலை இருக்கும்படி செய்துவிட்டால், கூட்டத்தில் நின்றுவிட்டு வந்ததாக ஆகாது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, அங்கே அவர்களைக் கட்டிப்போட்டவை பெரிய மேடைகள் அல்ல; ரிப்பன்கள்தான். கழுத்தில் தொங்கும் உறுப்பினர் அட்டையின் அடியில் ஒட்டிக்கொள்வதற்கென்று, ஒருபக்கம் பசை தடவிய, விரல் நீளத் துணிப்பட்டைகளைப் பலரும் அச்சிட்டுக் கொண்டுவந்து இனாமாகக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேலி வாசகமோ, ஒரு குழுவின் பெயரோ இருக்கும். ஒன்றின் அடியில் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் மார்பிலிருந்து முழங்கால் வரை வண்ணப்பட்டை தொங்கும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அந்நியரிடம் ஒரு சொல் பேசக் கூச்சப்படும் என் மகன், தாடி வைத்த பெரியவர் ஒருவரை வழிமறித்து, ‘உங்களிடம் பச்சை ரிப்பன் இருக்கிறதா’ என்று ஆங்கிலத்தில் கேட்டதை நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த ரிப்பனைக் கொடுப்பதற்கு முன், அவன் கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று கேட்டார். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆறாவது கொண்டை ஊசி (பர்லியாறு)

உரக்கப் படிக்கும் யோசனை நன்றாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகள் தாக்குப்பிடித்தார்களா? எங்கள் வீட்டில் பதினொரு மணிக்கே பசி என்பார்கள்.

வெலிங்டன் வாசி

தாக்குப்பிடிக்கவில்லை, தாக்குப்பிடிக்க வைக்கவும் முயலவில்லை. வெளிநாட்டு மாநாட்டு ரசிகர்களிடையே 5-2-1 என்று ஒரு வழக்கம் சொல்வார்கள்: நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை உணவு, ஒரு குளியல். விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்காக ஏற்பட்டது அது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளலாம் (குளியலை விட்டுவிடலாம்). காலையில் ஓர் அமர்வு, மாலையில் ஓர் அமர்வு. நடுவில் அறைக்குத் திரும்பிச் சாப்பாடும் தூக்கமும். பெற்றோர் இருவரும் முறைவைத்துக்கொள்ள வேண்டும்: ஒருவர் உரையைக் கேட்கும்போது மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். நிகழ்ச்சிநிரலில் பத்து அமர்வுகளுக்கு அடிக்கோடிட்டுவிட்டுப் போனால் பத்திலும் பாதி கேட்டு வெளியே வர நேரிடும். இன்னொன்று: இத்தனை பேர் ஒரே கூரையின்கீழ் கூடிக் கலைந்தபின் சளியும் காய்ச்சலும் வருவது சகஜம் என்பதால், திரும்பிய மறுநாளே பள்ளிக்கு அனுப்பும் திட்டம் வேண்டாம்.

ஊசிநூல் (குன்னூர்)

நான் தையல் கடை வைத்திருப்பவள். பள்ளி ஆண்டுவிழாக்களுக்கும், அண்மைக்காலமாக இத்தகைய விழாக்களுக்கும் உடை செய்து கொடுக்கிறேன். மகள் வேடமணிந்துதான் போவாள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், ஏனெனில் கடைசி வாரத்தில் வந்து கேட்பவர்களே அதிகம்.

நம் ஊரில் அளவு பார்த்துப் பொருத்தமாக இருக்கும் உடை சென்னையில் பொருந்தாது. அளவு மாறுவதில்லை, வெப்பம் மாறுகிறது. குன்னூரில் ஸ்வெட்டருக்கு மேல் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்ட கவச உடையை, பிப்ரவரிச் சென்னையில் நண்பகலில் ஒரு குழந்தை அரைமணி நேரம் தாங்காது. விண்வெளிக் கவசத்துக்கு யோகா பாய் போன்ற ஃபோம் ஷீட்தான் எல்லோரும் பயன்படுத்துவது. அதில் காற்றுப் புகாது. ஆகவே முதுகுப்பக்கத்தை முழுவதும் ஃபோமால் மூடாமல் மெல்லிய வலைத்துணி வைத்து விடுகிறேன். முன்பக்கம்தானே படத்தில் வரப்போகிறது. உள்ளே பருத்தி பனியன் கட்டாயம். மார்புக்கவசம், தோள், முழங்கை எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்து வெல்க்ரோவால் இணைத்தால், சாப்பிடும்போது பாதியைக் கழற்றி வைக்கலாம். யாருடைய உதவியும் இல்லாமல் குழந்தை கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை.

ஒட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டியது வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். செருப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் சொல்யூஷனை இரண்டு விளிம்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, பிறகு அழுத்தினால் பிரியாது. நம் பனிமூட்டத்தில் அது காய வெயிலூரைவிட அதிக நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் விளிம்பு வாய்பிளக்கும். வண்ணம் பூசுவதற்கு முன் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபோம் வண்ணத்தைக் குடித்துவிடும். கத்தி, துப்பாக்கி போன்றவற்றை உலோகத்தில் செய்யாதீர்கள். பெரிய விழாக்களில் வாயிலிலேயே சோதித்து வாங்கி வைத்துவிடுவார்கள், குழந்தை அழும்.

உடையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். அணிந்துகொண்டு மலையிறங்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் என்ன நடக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு செய்தி. முதல் உலக மாநாடு 1939இல் நியூயார்க்கில் நடந்தபோது, எதிர்கால மனிதர்களின் உடையில் இருவர் வந்தார்கள். மாநாட்டு வேடங்களின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். அந்த உடைகளை உருவாக்கியவர் மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணி. உடன் அணிந்து வந்த ஃபாரஸ்ட் அக்கர்மனின் பெயர்தான் நெடுங்காலம் பேசப்பட்டது. தைத்தவர் பெயர் பின்னுக்குப் போவது அன்றே தொடங்கிவிட்டது.

நேர்வழி (உதகை)

பிள்ளைகளுக்கு முகமூடி மாட்டிக் கூத்துக் காட்டுவதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? அந்தப் பணத்தில் பழனிக்கோ மருதமலைக்கோ குடும்பத்தோடு போய்வந்தால் புண்ணியமாவது கிடைக்கும்.

ஊசிநூல்

பழனிக்குக் காவடி எடுக்கும் பிள்ளைகளுக்கும் நான்தான் உடை தைக்கிறேன், ஐயா. இரண்டுக்கும் போகலாம்.

முத்தோரை வாத்தியார் (உதகை)

இழை திசைமாறாமல் இருக்கட்டும். ரசிகர் மாநாட்டில் சண்டை என்பதும் 1939இலிருந்தே இருக்கிறது; ஏறத்தாழ இருநூறு பேர் கூடிய அந்த முதல் மாநாட்டில் ஆறு பேரை உள்ளே விடவே மறுத்துவிட்டார்கள்.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் கட்டபெட்டு நண்பருக்கு ஒரு யோசனை. விண்வெளிக் கதைகளைப் படிக்கும் ஒரு மலைக்குழந்தை சென்னைக்குப் போவதற்கு முன், தன் வீட்டுக்கு அருகிலேயே இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி 1970இல் செயல்படத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு இந்த மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது: சரிவு வடக்குத் தெற்காக, இவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஓர் அச்சில் மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும். வானில் நகரும் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடர்ந்து பின்பற்றலாம். மலையே பாதிக் கருவியாகிவிட்டது என்று வகுப்பில் சொல்லும்போது, கடைசி வரிசைப் பிள்ளைகளும் சன்னலைப் பார்ப்பார்கள்.

அதே உதகையில் உள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் கிரேப்ஸ்-3 கருவிகள், 2014 டிசம்பர் 1 அன்று கடந்துபோன ஓர் இடிமேகத்துக்குள் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் காட்டின. மேகத்துக்குள் யாரும் போகவில்லை. காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகி, மேகத்தைத் துளைத்துக்கொண்டு வந்த மியூவான் துகள்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்துக் கணக்கிட்டார்கள். இதைக் கதையாக எழுதினால் நம்பத் தயங்குவார்கள். கொடைக்கானல் நண்பர்களுக்கும் குறைவில்லை: அங்கே உள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள், சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். ஆய்வகங்களுக்கு முன் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. கடிதம் எழுதிக் கேளுங்கள்.

இவற்றைப் பார்த்துவிட்டுப் போகும் குழந்தை, மாநாட்டில் எழுத்தாளர் ஒருவரைச் சந்தித்தால் கையெழுத்து மட்டும் கேட்டுவிட்டு வராது. ‘உங்கள் கதையில் வரும் கப்பல் எப்படித் திரும்புகிறது’ என்று கேட்கும். என் மாணவி ஒருத்தி கேட்டாள். அந்த எழுத்தாளர் சிரித்துவிட்டு, அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னாராம். திருத்துவாரா என்பது வேறு விஷயம்.

மஞ்சூர் அம்மா

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். வேடமணிந்த பெண்பிள்ளையை யார் வேண்டுமானாலும் நிறுத்திப் படமெடுக்கலாம், தோளில் கைபோடலாம் என்ற எண்ணம் கூட்டத்தில் சிலரிடம் இருக்கிறது. வெளிநாடுகளிலும் இதே தொல்லை இருந்ததால்தான், வேடமணிந்திருப்பதே சம்மதம் ஆகிவிடாது என்ற அறிவிப்புப் பலகைகளை 2014இல் நியூயார்க் காமிக் கானில் பெரிதாக வைத்தார்கள். நீங்கள் போகும் விழாவுக்கு எழுதப்பட்ட நடத்தை விதிகள் இருக்கின்றனவா, புகார் சொல்ல வேண்டிய மேசை எங்கே இருக்கிறது என்பதை உள்ளே நுழைந்தவுடன் தெரிந்துகொள்ளுங்கள்.

மகளிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். படமெடுக்கலாமா என்று கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் போனபோது ஒரு கைச்சைகை வைத்துக்கொண்டோம்: என் மகள் தன் காதைத் தொட்டால், நான் உடனே வந்து ‘நேரமாகிவிட்டது, வா’ என்று அழைத்துப்போவேன். மரியாதைக்குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை. சின்னப் பையனின் சட்டைப் பையில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். தொலைந்தால் எந்தத் தூணருகே நிற்க வேண்டும் என்பதையும் நுழைந்ததும் காட்டிவிடுங்கள். முகமூடி அணிந்த ஆயிரம் பேருக்கிடையே அம்மாவைத் தேடுவது ஆறு வயதுக் குழந்தைக்குச் சாகசம் அல்ல.

பெருமாள்மலை டீச்சர் (கொடைக்கானல்)

தம்பி, உங்கள் தாயாரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எனக்கும் ஏறத்தாழ அவர் வயதுதான் இருக்கும். இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பித்து என்று நினைக்காதீர்கள். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கி இரும்புக்கை மாயாவி வந்தபோது நான் பள்ளி மாணவி. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் காற்றில் மிதந்து வரும் படங்களை, வகுப்பில் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தோம். பையன்கள்தான் வாங்குவார்கள்; படித்ததெல்லாம் நாங்களும்தான். அதுவும் அறிவியல் புனைகதைதானே. உங்கள் தாயாரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது செய்தி. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போது, லயன்–முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஒன்றுகூடும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. வாசகர்களும் பதிப்பாளரும் ஒரே அறையில் உட்கார்ந்து, அடுத்து எந்தத் தொடர் வர வேண்டும், எந்த மொழிபெயர்ப்பு சரியில்லை என்று முகத்துக்கு நேரே பேசுவார்கள். என் மருமகனோடு போயிருக்கிறேன். நரைத்த தலைகளும் இருந்தன, பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். ஆரவாரம் இல்லை, வேடம் இல்லை. மலைப்பூண்டு தம்பி எதிர்பார்க்கும் பேச்சு மட்டும் தாராளமாக இருந்தது. கோத்தகிரியிலிருந்து ஈரோடு சென்னையைப்போல் தூரமும் இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் போக வேண்டிய இடம் அதுதான். பெரிய விழாவுக்கு அழைத்துப்போவதென்றால், மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மலைப்பூண்டு

டீச்சர் அம்மா சொல்லும் ஈரோடு கூட்டத்தை மறந்தே போனேன்; நான் சொன்ன ரசிகர் கூட்டத்துக்குச் சரியான எடுத்துக்காட்டு அது. அங்கே கடையும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. கடை பேச்சை விழுங்குவதில்லை.

அப்படியென்றால் ஒரு கேள்வி. கிளாஸ்கோ போகலாம், சென்னை போகலாம், ஈரோடு போகலாம் என்கிறோம். மலையில் இத்தனை வாசகர்கள் இருக்கும்போது ஒரு நாள் கூட்டத்தை இங்கேயே ஏன் நடத்தக்கூடாது?

முத்தோரை வாத்தியார்

நானும் அதை யோசித்தேன். ஒரு பள்ளிக்கூட மண்டபம், காலையில் கதை வாசிப்பு, பிற்பகலில் அனுமதி கிடைத்தால் தொலைநோக்கியைப் பார்ப்பது. மாணவர்களே வரவேற்பு மேசையில் உட்காரட்டும்.

வெலிங்டன் வாசி

பத்துக் குடும்பங்கள் வந்தாலே போதும். ஆனால் நடைமுறைச் சிக்கல்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் அறைவாடகை ஏறிவிடும். சாலையிலும் நகர முடியாது. தென்மேற்குப் பருவமழை வலுத்தால் பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுவர வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் சோதனைச்சாவடியில் அபராதம் கட்டிவிட்டு வந்து நம்மைத் திட்டுவார்கள். மாலை நான்கு மணிக்கே முடித்துவிட்டால்தான், பக்கத்து ஹட்டிகளிலிருந்து (மலைக் கிராமங்களிலிருந்து) வருகிறவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடியும். ஜனவரி பிற்பகுதி பொருத்தமாகத் தோன்றுகிறது. உறைபனி இருக்கும், மழை இருக்காது.

மஞ்சூர் அம்மா

ஜனவரி என்றால் மண்டபத்துக்குக் கண்ணாடிச் சன்னல்கள் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கென்று சத்தமில்லாத ஓர் அறை வேண்டும்; பாய், தலையணை நான் தருகிறேன். நடத்தை விதிகளை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புகிறேன், பார்த்துத் திருத்துங்கள்.

ஆறாவது கொண்டை ஊசி

பதினொரு மணிக்குச் சூடாக வர்க்கியும் தேநீரும் என் பொறுப்பு.

கட்டபெட்டு குடும்பஸ்தன்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் இந்த இழையை உரக்கப் படித்தோம். மாயாவியைப் பற்றி டீச்சர் அம்மா எழுதியதைப் படித்ததும், ‘அது யார் என்று எனக்குத் தெரியாதா’ என்று என் தாயார் கோபித்துக்கொண்டார். தன் தம்பிமார் ஒளித்துவைத்த இதழ்களைத் தேடியெடுத்துப் படித்ததாகச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் அதைச் சொன்னதே இல்லை.

இப்போதைக்கு எங்கள் திட்டம் இது. சென்னைக்குப் போகிறோம், ஆனால் ஒரே ஒரு நாள் மட்டும். நானும் மகளும் காலையில் உள்ளே போவோம். மனைவியும் மகனும் பிற்பகலில் வந்து சேர்ந்துகொள்வார்கள். காலையில் அவர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள். அலையைப் பார்த்தே இராத மகனுக்கு அதுதான் பெரிய விழா. என் தாயாருக்குச் சென்னையில் நாட்டமில்லை. ஈரோட்டுக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டார், ஆகவே ஆகஸ்டில் அவரோடு அங்கே. மனைவி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: போவதற்கு முன் மகள் தேர்ந்தெடுக்கும் மூன்று கதைகளை அவர் படிப்பார், அவர் தேர்ந்தெடுக்கும் மூன்றை மகள் படிக்க வேண்டும். முதல் கதை பற்றிய வாக்குவாதம் நேற்று இரவே தொடங்கிவிட்டது.

ஊசிநூல் அம்மா, சனிக்கிழமை அளவு கொடுக்க மகளை அழைத்து வருகிறேன். அவளுக்கு வேண்டியது கவசம் இல்லையாம். கவசத்தைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கின் உடையாம். நிறைய பைகள் வைத்துத் தைக்க முடியுமா?

ஊசிநூல்

முடியும். காக்கித் துணி எடுத்து வாருங்கள், துவைத்துச் சுருங்கவிட்டபின். பைகளில் என்னென்ன வைக்கப்போகிறாள் என்று ஒரு பட்டியலும் எழுதி வரச் சொல்லுங்கள்; அதற்குத் தகுந்த அளவில் வெட்டுகிறேன்.